ஜஞ்சிரா செல்வோம்: ஒரு பயணத் திட்டமும் சில வரலாற்றுக் குறிப்புகளும்

நமது இலக்கிய வட்டம் பத்தாண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், ஆண்டுதோறும் நாம் மேற்கொள்ளும் வரலாற்று உலாவுக்கு இம்முறை எவ்விடம் செல்வது என்னும் வினா செயற்குழுவில் எழுந்தது. மும்பையில் குடியேறி வாழும் தமிழர்களாகிய நமக்கு மகாராட்டிரத்தின் கோட்டைகள் அண்டை வீடுகளைப் போன்றவை. ராய்கட் பார்த்தாயிற்று, சிவநேரியும் பார்த்தாயிற்று. சிந்துதுர்க்கம் போகலாம் என்றனர் சிலர். 2025 ஜூலையில் மராட்டியரின் படைத்துறை நிலப்பரப்புகள் என்னும் தலைப்பில் யுனெஸ்கோ நிறுவனம் பன்னிரண்டு கோட்டைகளை உலக மரபுச் சின்னங்களாக ஏற்றபோது அப்பட்டியலில் சிந்துதுர்க்கம் இடம்பெற்றது. நம் செஞ்சியும் இடம்பெற்றது. ஆகவே அம்முன்மொழிவு நியாயமானதே. நான் ஜஞ்சிரா என்றேன். "அது பகைவன் கோட்டையாயிற்றே!" என்றார் அன்பர் ஒருவர், சிரித்துக்கொண்டேதான். யாருடைய பகைவன் என்று கேட்க நினைத்தேன், நேரமாகிவிட்டதால் விட்டுவிட்டேன். அன்று கேளாது விட்ட அவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணம்.

மும்பைக்குத் தெற்கே சாலை வழியாகச் சுமார் 150 கிலோமீட்டர் தொலைவில், ராய்கட் மாவட்டத்துக் கடற்கரையில் முருட் என்னும் சிற்றூர் உள்ளது. அதனையடுத்த ராஜபுரிக் கழிமுகத்தின் வாயிலில், கரையிலிருந்து நோக்கினால் கடலில் மிதப்பது போலத் தோன்றும் கருங்கல் மதில்தான் ஜஞ்சிரா. தீவைக் குறிக்கும் ஜசீரா என்ற அரபுச்சொல் மராத்தியர் நாவில் ஜஞ்சிரா ஆயிற்று. எனவே 'ஜஞ்சிராத் தீவு' என்போர் ஒன்றையே இருமுறை கூறுகின்றனர். நாமும் 'நடுசென்டர்' என்று பேசுகிறவர்கள்தாமே!

முதலில் ஓர் எச்சரிக்கை. அது என் சொந்த அனுபவத்தில் பெற்றது. பல ஆண்டுகளுக்கு முன், பிள்ளைகளின் பள்ளி விடுமுறை முடியுமுன் காட்டிவிட வேண்டும் என்ற அவசரத்தில், ஜூன் மாதத்து இரண்டாம் வாரத்தில் குடும்பத்தோடு ராஜபுரிக்குச் சென்றேன். படகுகள் யாவும் கரையேற்றப்பட்டு, ஓலையாலும் தார்ப்பாயாலும் மூடப்பட்டுக் கிடந்தன. பருவமழை தொடங்கிவிட்டால் செப்டம்பர் வரும்வரை இக்கடலில் பாய்விரிப்பதில்லை என்று அங்கிருந்த முதியவர் ஒருவர் கூறினார். மழைத்திரைக்குப் பின்னால் கோட்டை மங்கலாகத் தெரிந்தது. பிள்ளைகள் அழுதனர், மனைவி ஒன்றும் சொல்லவில்லை, அதுவே போதுமானதாக இருந்தது. ஆனால் கோட்டையைக் காணாத அந்நாளில் நான் கற்றது, பின்னர்க் கண்ட நாளில் கற்றதைவிடக் குறைந்ததன்று. ஆண்டில் ஏறத்தாழ நான்கு மாதம் அரபிக்கடலே அக்கோட்டைக்கு அகழியாகவும் காவற்படையாகவும் நின்றது. முற்றுகையிட வந்தவன் எவனாயினும் அவன் கையில் இருந்தவை எஞ்சிய எட்டு மாதங்களே. ஆகவே நம் பயணம் நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடைப்பட்டதாக அமையட்டும்.

இனி அக்கோட்டையை ஆண்டவர்களைப் பற்றி. சித்தி என்றவுடன் நம் வீட்டுச் சின்னம்மாவை நினைத்துவிட வேண்டா. தலைவர் என்று பொருள்படும் அரபுச் சொல்லடியாகப் பிறந்த பெயர் அது. அபிசீனியா முதலிய ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து செங்கடல் துறைகள் வழியாக அடிமைகளாகவும் கூலிப்படையினராகவும் மாலுமிகளாகவும் தக்காணத்துக்கு வந்தவர்கள் சித்தியர் அல்லது ஹப்ஷிகள் எனப்பட்டனர். தக்காணத்துச் சுல்தான்கள் இவர்களை விரும்பி வாங்கினர். உள்ளூரில் உறவும் சாதியும் இல்லாதவன் எசமானுக்கு மட்டுமே விசுவாசமாக இருப்பான் என்பது அவர்தம் கணக்கு. அக்கணக்கு பலமுறை பொய்த்தது. வாங்கப்பட்டவர்களே வாங்கியவர்களின் அரியணைகளைத் தாங்கினர், சிலபோது ஆட்டியும் வைத்தனர். எத்தியோப்பியாவில் பிறந்து, சந்தைக்குச் சந்தை விற்கப்பட்டு, முடிவில் அகமதுநகரின் அமைச்சராக இருந்த மற்றொரு ஹப்ஷியால் வாங்கப்பட்ட மாலிக் அம்பர், பின்னாளில் அவ்வரசின் நடைமுறைத் தலைவனாகவே விளங்கினார். 1626இல் இறக்கும்வரை முகலாயரைத் தக்காணத்தில் தடுத்து நிறுத்தியவர் அவர். அவருடைய படையில் பணியாற்றிய மராட்டியத் தலைவர்களில் சிவாஜியின் குடும்பத்தாரும் உண்டு. பகைவன் கோட்டை என்று கூறிய அன்பர் இதனைக் கருத வேண்டும்.

ஜஞ்சிராவின் தொடக்கத்தைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. கொள்ளையருக்கு அஞ்சிய கோலி மீனவர்கள் அப்பாறைத் தீவில் மரக்கட்டைகளால் வேலியமைத்து வாழ்ந்தனராம். அகமதுநகரின் தளபதி ஒருவன் வணிகன் வேடத்தில் கப்பலில் வந்து, மதுப் பீப்பாய்களைப் பத்திரமாக வைக்க இடம் கேட்டு, கோலித் தலைவனுக்கு விருந்தளித்து மயக்கி, ஒளித்துவைத்த வீரர்களை இரவில் வெளிவிட்டுத் தீவைக் கவர்ந்தானாம். திராய் நகரத்து மரக்குதிரையின் சாயல் இக்கதையில் இருப்பதைக் கண்டு நாம் ஐயுறலாம். எனினும் ஐயத்துக்கு இடமில்லாத செய்தி ஒன்று உண்டு: முதலில் அத்தீவு கோலியருடையது. கல்மதில் எழுந்தது 16ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில். இன்று காணும் வடிவம் பிற்காலச் சித்தியர் விரிவாக்கியது.

அகமதுநகர் வீழ்ந்தபின், 1636 உடன்படிக்கையால் கொங்கணக் கரை பீஜப்பூர் வசமாயிற்று. ஜஞ்சிராவின் சித்தியர் அவ்வரசின் கடற்காவலராயினர். மக்காவுக்குச் செல்லும் கப்பல்களைக் காப்பது அவர்தம் கடமை; கரையிலிருந்த நிலம் அதற்குரிய ஊதியம். அந்நிலத்துக்கு மேற்கே மலையில் அல்ல, கிழக்கே மலையில் ஒருவர் எழுந்தார், அவர் சிவாஜி. ராய்கட் மலையுச்சியில் தலைநகர் அமைத்தவருக்குத் தம் காலடியில், கண்ணெட்டும் கடலில், அடங்காத ஒரு கோட்டை இருந்தது உறுத்தாமல் இருக்குமா? 1650களின் இறுதியிலிருந்து அவர் உயிர்நீத்த 1680 வரை ஜஞ்சிராவைக் கைப்பற்றப் பலமுறை முயன்றார்.

அம்முயற்சிகளுள் 1670ஆம் ஆண்டு நிகழ்ந்ததை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அவ்வாண்டில் கோட்டை உண்மையிலேயே வீழ்ந்திருக்கும். பட்டினியாலும் நெருக்கடியாலும் தளர்ந்த தலைவர் பதேகான், சிவாஜி அளிக்க முன்வந்த நிலமும் பொருளும் பெற்றுக்கொண்டு கோட்டையை ஒப்படைக்க இசைந்துவிட்டார். அவருக்குக் கீழிருந்த சம்பல், காசிம், கைரியத் என்னும் மூவர் அதனை ஏற்கவில்லை. தலைவரைச் சிறையிலிட்டனர், முகலாயப் பேரரசர் ஔரங்கசீப்புக்குத் தூதனுப்பி அவர்தம் கடற்படைத் தலைவர்களாயினர். சூரத் துறைமுக வருவாயிலிருந்து ஆண்டுதோறும் அவர்களுக்குப் பணம் வரலாயிற்று. 1671இல் ஹோலிப் பண்டிகை இரவு, கரையிலிருந்த தண்டா-ராஜபுரிக் கோட்டையில் மராட்டியக் காவலர் களித்திருந்த வேளையில், காசிம் கடல்வழியே வந்து ஏணியிட்டு ஏறி அதனை மீட்டார். வெடிமருந்துக் கிடங்கு வெடித்து இருதரப்பிலும் பலர் மாண்டனர். யாகூத்கான் என்று வரலாறு கூறும் வீரர் இந்தக் காசிமே.

இந்நிகழ்ச்சியில் நாம் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. சித்தியரிடையே அக்காலத்தில் தலைமை தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் வழக்கமில்லை. கடற்படையில் ஆற்றல் மிக்கவர் என ஏனையோர் ஏற்ற தலைவரே கோட்டைக்கும் தலைவர். விற்கப்பட்டு வந்தவர்களுக்கு வம்சம் ஏது? ஆற்றலே குலமாயிற்று. தளர்ந்த தலைவரை மாற்ற அவர்களுக்கு உள்நாட்டுப்போர் தேவைப்படவில்லை. ஜஞ்சிரா வீழாமைக்கு நாற்பதடி மதிலைக் காரணம் காட்டுவர் படகோட்டிகள். பீரங்கிகளைக் காட்டுவர் வழிகாட்டிகள். சூரத்துப் பணம், பருவமழை, இந்த வாரிசற்ற வழக்கம் ஆகிய மூன்றும் மதிலைவிட வலியன என்பது என் துணிபு. பிற்காலத்தில் அவர்களும் நவாபுகளாகி மகனுக்கு முடிசூட்டினர். அப்போது கோட்டை நின்றது, ஆற்றல் நிற்கவில்லை.

தோற்றவர்களின் கதையும் அழகானது. ஜஞ்சிராவுக்கு வடமேற்கே மற்றொரு பாறையில் சிவாஜி பத்மதுர்க்கம் என்னும் கோட்டையை எழுப்பினார். அங்கிருந்த கோலித் தலைவர் லாய் பாட்டீல் ஓரிரவு ஜஞ்சிராவின் மதிலில் ஏணிகளைச் சார்த்திக் காத்திருந்தாராம்; வரவேண்டிய பெரும்படை வரவில்லை; விடியத் தொடங்கவே ஏணிகளை எடுத்துக்கொண்டு திரும்பினாராம். அவர் துணிவைப் பாராட்டிச் சிவாஜி பல்லக்கு அளித்தபோது, கடலில் திரியும் எனக்குப் பல்லக்கு எதற்கு என்றாராம் அவர். பல்லக்கு என்றே பெயரிட்ட கப்பலொன்று அவருக்கு வழங்கப்பட்டது என்று மராத்தியர் மரபு கூறுகிறது. முதலில் அத்தீவைப் பறிகொடுத்த கோலியரே மதிலேற வந்தனர் என்பதை இங்கே நினைவுகூர்தல் தகும். சித்தியரைப் போற்றும் ஆர்வத்தில் இதனை மறைத்துவிடலாகாது. அடிமைகளாக வந்தவர்களின் வழிவந்தோர் கொங்கணத்துக் கரையூர்களில் கொள்ளையடித்தனர், ஆள்பிடிக்கவும் செய்தனர். பட்ட துன்பம் மனிதனைப் பண்படுத்தியே தீரும் என்பதற்கு வரலாற்றில் சான்று அரிது.

சாம்பாஜி 1682இல் கரைக்கும் தீவுக்கும் இடைப்பட்ட கடலைக் கல்லும் மரமும் இட்டுத் தூர்க்கத் தலைப்பட்டார். சேதுபந்தனம் கேட்டு வளர்ந்த நமக்கு அம்முயற்சி வியப்பளிக்காது. முகலாயப்படை மறுபுறம் நெருங்கவே வேலை நின்றது. ஏழாண்டுகளில் எல்லாம் தலைகீழாயிற்று. 1689இல் சாம்பாஜி கொல்லப்பட்டார். ராய்கட் முகலாயரிடம் வீழ்ந்தது. எந்த மலையிலிருந்து ஜஞ்சிராவுக்குப் படைகள் அனுப்பப்பட்டனவோ அந்த மலைக்கோட்டையின் பொறுப்பே சித்தியரிடம் விடப்பட்டது. இளவல் ராஜாராம் தப்பி எங்கே வந்தார்? நம் செஞ்சிக்கு. 1698 வரை செஞ்சியே மராட்டிய அரசின் உயிர்த்தலமாக இருந்தது. தென்னாற்காட்டுச் சிற்றூர்களில் குதிரைக் குளம்பொலி கேட்ட அந்த எட்டு ஆண்டுகளுக்கும், ராய்கட்டின் கொடிமரத்தருகே ஒரு ஹப்ஷி நின்றதற்கும் காரணம் ஒன்றே. செஞ்சிக்குச் சென்ற நாம் ஜஞ்சிராவுக்கும் செல்வது கதையின் மறுபாதியைக் கேட்பதாகும்.

நாம் வாழும் மும்பைக்கும் இக்கதையில் பங்குண்டு. மழைக்காலத்தில் தம் கப்பல்களை ஒதுக்கச் சித்தியர் மசகானுக்கு வருவது வழக்கம். சிவாஜிக்கும் அஞ்சி, ஔரங்கசீப்புக்கும் அஞ்சிய ஆங்கிலேயர் பல்லைக் கடித்துக்கொண்டு இடங்கொடுத்தனர். 1689இல் ஆங்கிலக் கும்பினி முகலாயருடன் வம்புக்குப் போனபோது, யாகூத்கான் சிவ்ரியில் படையிறக்கினார், மசகானைப் பிடித்தார், ஆங்கிலேயரைக் கோட்டைக்குள் ஓராண்டுக்கும் மேலாக அடைத்துவைத்தார். கும்பினி பேரரசரிடம் மன்னிப்புக் கேட்டுத் தண்டம் செலுத்திய பின்னரே 1690இல் அவர் விலகினார். துறைமுகப் பாதை ரயிலில் சிவ்ரியைத் தாண்டும்போதெல்லாம், பூநாரைகளைக் காண்பதற்கு மட்டுமே நாம் தலையை நீட்டுகிறோம்.

அதன்பின் நிகழ்ந்தவை சுருங்கச் சொல்லத்தக்கவை. 1733இல் மராட்டியர் படையெடுத்து ராய்கட்டை மீட்டனர். 1736இல் சித்தி சாத் என்னும் தளபதி போரில் மாண்டார். சித்தியரின் நிலம் குறுகியது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரின் மேலாண்மைக்குட்பட்ட சிற்றரசாக ஜஞ்சிரா விளங்கிற்று. 1948இல் இந்தியாவுடன் இணைந்தது. வெல்லப்படாத கோட்டை என்று வழிகாட்டிகள் பெருமிதத்துடன் கூறுவதில் பிழையில்லை. ஏணியாலும் பீரங்கியாலும் எவரும் அதனைக் கொள்ளவில்லை. கையெழுத்துகளே கொண்டன. கோட்டைக்குள் வாழ்ந்த குடும்பங்கள் பின்னர்ப் படிப்படியாகக் கரைக்குக் குடிபெயர்ந்தன. ஆட்கள் இருந்தவரை நின்ற கூரைகள், ஆட்கள் நீங்கியபின் விழுந்தன.

இனிப் பயணத்திட்டம். சாலை வழியே பென், அலிபாக் சென்று முருட் அடையலாம். ஆனால் நெரிசலில் அரைநாள் போய்விடும். பாவுச்சா தக்காவிலிருந்து மாண்டவாவுக்கு வாகனங்களையும் ஏற்றிச்செல்லும் பெருங்கப்பல் 2020 முதல் இயங்குகிறது. சிற்றுந்தையே ஏற்றிக்கொண்டு செல்வது முதியோர்க்கு நலம். அலிபாக்கிலிருந்து முருட் சுமார் 50 கிலோமீட்டர். வழியில் ரேவ்தண்டாவைக் கடந்ததும் கோர்லை வருகிறது. அங்கே போர்த்துகீசியர் கட்டிய மலைக்கோட்டையைவிட அடிவாரத்துச் சிற்றூர்தான் நமக்கு முக்கியம். போர்த்துகீசியரை மராட்டியர் வெளியேற்றியது 1740இல். எனினும் அவ்வூர்க் கிறித்தவர் ஏறத்தாழ ஆயிரம் பேர் இன்றும் போர்த்துகீசியமும் மராத்தியும் பிணைந்த ஒரு மொழியைத் தம் வீடுகளில் பேசுகின்றனர். அதனை அவர்கள் 'நௌ லிங்' என்கின்றனர். நம் மொழி என்று பொருள். வேற்றுமாநிலத்தில் தாய்மொழிக்காக ஒரு வட்டம் அமைத்துப் பத்தாண்டு நடத்திய நாம், எவ்வமைப்பும் இன்றி அடுப்படியிலேயே ஒரு மொழியைக் காத்துவரும் அம்மக்களிடம் அரைமணி நேரம் உரையாடிச் செல்லலாம். அவர்கள் இசைந்தால் மட்டும்.

ராஜபுரியில் பாய்மரப் படகேறும்போது கோட்டைக்கு வாயிலே இல்லையோ என்று தோன்றும். அருகே நெருங்கி, படகு திரும்பும் கணத்தில்தான் இரு கொத்தளங்களுக்கு இடையே ஒளிந்திருந்த வாயில் வெளிப்படும். நான் பின்னொரு டிசம்பரில் சென்றபோது படகு வாயிற்படியருகே அலையோடு ஏறியிறங்கியது. அது உயரும் நொடியில் கையைப் பற்றித் தூக்கிவிட்டார்கள். முழங்கால் வலியுள்ளோர் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். ஏறும் இடத்தையும் அன்றைய நேரத்தையும் நான் ஒருவாரம் முன்பே சென்று கேட்டு வருவேன். வாயிலில் யானைகளைத் தன் நகங்களில் அடக்கிய சிங்கம் போன்ற விலங்கொன்று செதுக்கப்பட்டுள்ளது. நம் கோயில் தூண்களில் யானைமேற் பாயும் சிங்கத்தைக் கண்டு பழகிய கண்களுக்கு அது புதிதன்று.

எனக்கு வாய்த்த வழிகாட்டி எல்லாவற்றையும் இருபத்திரண்டில் அடக்கினார்: இருபத்திரண்டு ஏக்கர், இருபத்திரண்டு ஆண்டு வேலை, இருபத்திரண்டு கொத்தளம். கலால்பாங்டி என்னும் பெரும் பீரங்கியைத் தட்டி, ஐம்பொன் என்றார். ஒரு மணி நேரத்தில் படகுக்குத் திரும்பச் சொன்னார். அவரைக் குறைகூற மாட்டேன். அடுத்த படகு காத்திருந்தது. மாலிக் அம்பரைப் பற்றிக் கேட்டபோது மட்டும் அவர் சற்று நின்று, "அவர்கள் கறுப்பர்கள், ஐயா, வெளியூர்க்காரர்கள்" என்று கூறி நடந்தார். மூன்று நூற்றாண்டுக்கு மேல் ஒரு கரையில் வாழ்ந்து, அங்கேயே இறந்து, ராஜபுரிக்கு அருகே கோக்ரியில் கல்லறைகளில் உறங்குவோரை வெளியூர்க்காரர் என்றால், எத்தனை ஆண்டு வாழ்ந்தால் உள்ளூர்க்காரர்? தாராவியிலும் மாட்டுங்காவிலும் மூன்று தலைமுறை கண்ட குடும்பங்கள் நம்மில் உண்டு. அவ்வினாவைப் படகில் திரும்பும்போது நான் எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டு வந்தேன். கர்நாடகத்துக் காடுகளிலும் குசராத்திலும் அதே சித்திப் பெயருடன் வாழும் எளிய மக்களின் நினைவும் உடன் வந்தது.

கோட்டைக்குள் நேரம் குறைவாதலின் மூன்றை மட்டும் பார்ப்போம். முதலாவது, இரு நன்னீர்க் குளங்கள். சுற்றிலும் உப்புக்கடல் முழங்க, நடுவே கல்லால் கட்டப்பட்டுக் கிடக்கும் அந்நீர் இல்லையேல் எம்முற்றுகையும் ஒரு கோடையைத் தாண்டியிராது. இரண்டாவது, கூரையிழந்து நிற்கும் அரண்மனைச் சுவர்கள். மூன்றாவது, மேற்குப்புறத்துக் கடல்வாயில். அங்கிருந்து விரிகடல் தவிர வேறொன்றும் தெரியாது. மதிலின் மேலேறினால் தொலைவில் பத்மதுர்க்கம் தெரியும். அதன் மதிலில் கற்களை உப்புக்காற்று அரித்துவிட, இடையிட்ட சுண்ணச்சாந்து மட்டும் தேன்கூடு போல் நிற்கிறது என்பர் சென்று கண்டோர். திரும்பும் வழியில் கோக்ரிக் கல்லறைகளில் கால்மணி நேரம். 1885இல் எழுந்த நவாபின் மாளிகை தனியாருடையது, சாலையிலிருந்தே நோக்கலாம்.

டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குச் சயான் நிலையத்தருகே கூடுவோம் என்பது என் முன்மொழிவு. இருக்கைகள் குறைவு. பகைவன் கோட்டை என்ற அன்பருக்கு முன்வரிசையில் சன்னலோர இடத்தை இப்போதே ஒதுக்கி வைத்துள்ளேன். புளிச்சோறு அவர் வீட்டிலிருந்து வர வேண்டும்.